எறும்பு வராத கொல்லை

வேலை செய்யும் இடத்தில் அவர் பூச்சி அண்ணன். தெருவில் மருந்துக்காரர். வீட்டில், மனைவிக்கு வாய் நன்றாக இருந்த காலத்தில், பூச்சியார். அந்த ‘யார்’ மரியாதைக்குச் சேர்த்தது என்று நினைத்தால் அந்த அம்மாளை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். இந்தக் கதைக்கும் பூச்சியார் என்றே இருக்கட்டும்.

வாலிபத்தில் முதுகில் ஏறிய மருந்து டேங்க் இன்னும் இறங்கவில்லை. வார் அழுத்தி அழுத்தி இடது தோள் சரிந்துவிட்டது. டேங்க் இல்லாமல் நடந்தாலும் எதையோ சுமந்துகொண்டு போகிற மாதிரித்தான் போவார். கரையான், கரப்பான், கொசு, மூட்டைப்பூச்சி, எந்த வீட்டில் எது வந்தாலும் கம்பெனியில் முதலில் அவரைத்தான் தேடுவார்கள். சமையலறைக்குள் நுழைந்ததும் மூக்கை ஒரு தரம் உறிஞ்சுவார். “பாத்திரம் கழுவுற தொட்டிக்கு அடியில பாருங்க” என்பார். அங்கேதான் இருக்கும்.

மருந்து அடித்து முடித்ததும் எல்லா வீட்டிலும் ஒரே பல்லவி. “நாளைக்குக் காலை வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் போகாதீங்க. முக்கியமா குழந்தைங்க, முடியாதவங்க. செருப்பு இல்லாம புல்லுல கால் வைக்கவே கூடாது.” எத்தனை வீடு, எத்தனை வாசல். சொல்லிச் சொல்லி அவர் நாக்கே தேய்ந்து போனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வைத்துக்கொள்ளவில்லை.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் வேலை முடிந்து நேராக வீட்டுக்குள் வந்தவரை மனைவி பின்வாசலிலேயே நிறுத்தினாள்.

“என்ன நாத்தம் இது?”

“மருந்து.”

“யாருக்கு?”

“கரப்பானுக்கு.”

“அப்ப கரப்பான் வீட்டுலயே விட்டுட்டு வர வேண்டியதுதானே. இங்க எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க? இங்க யாரு கரப்பான்?”

அன்றைக்கே சட்டம் போட்டாள். டேங்க் வேலியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. வேலைத் துணி கொல்லையில் கட்டிய கொடியிலேயே தொங்க வேண்டும். கொல்லைக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் படியேறலாம். கழுவிய கையைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். அவள் பின்கதவில் நின்றுகொண்டு பார்ப்பாள், முகர்ந்தும் பார்ப்பாள். பிறகு ஒன்றும் பேசாமல் ஆள்காட்டி விரலைக் குழாய்ப் பக்கம் நீட்டுவாள். இன்னொரு தடவை கழுவ வேண்டும் என்று பொருள். கை சுத்தமாகத்தான் இருக்கும். புதுப்பெண்டாட்டியின் அதிகாரம் என்று பூச்சியார் சிரித்துக்கொண்டே மறுபடி போவார். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். அந்த விரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அவள் தையல்காரி. பகலெல்லாம் மிஷினில் குனிந்து கிடந்த முதுகை நிமிர்த்த, சாயங்காலம் கொல்லைப் படியில் வந்து உட்காருவாள். கொல்லை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. குழாய், துணிக் கொடி, கொஞ்சம் புல், மூலையில் ஒரு முருங்கை. அந்த முருங்கை அவள் நட்டது. பூக்கிற நாட்களில் அதில் வண்டும் தேனீயும் மொய்க்கும். அவற்றைப் பார்த்துச் சின்னச் சின்னக் குருவிகள் வரும். அவற்றைப் பார்த்து இவள் உட்கார்ந்திருப்பாள். ஆனால் மழைக்குப் பின் மரத்தண்டு முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். பட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகும். பூச்சியாருக்கு மானப் பிரச்சினை. ஊர் உலகத்துப் பூச்சியை எல்லாம் ஒழிக்கிறவன் வீட்டில் பூச்சியா?

“வெட்டிடலாமா?” என்று வருஷா வருஷம் கேட்பார்.

“ஒரு மாசம் அரிக்கும், அப்புறம் போயிடும். உங்களுக்கும்தான் பனிக்காலம் பூரா மூக்கு ஒழுகுது. உங்கள வெட்டிடலாமா?”

அந்த வாய் ஒரு காலையில் நின்றுபோனது. மிஷினில் உட்கார்ந்தவள் அப்படியே வலப்பக்கம் சரிந்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தபோது வலது கையும் வலது காலும் உணர்ச்சியில்லாமல் தொங்கின. பேச்சு சுத்தமாக இல்லை. தொண்டையிலிருந்து ஒரு முனகல் வரும், அவ்வளவுதான். கண்ணில் மட்டும் பழைய ஆள் முழுசாக இருந்தாள். பூச்சியார் முதல் நாள் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்தவர் சக்கர நாற்காலியில் ஏற்றவும் இறக்கவும் கற்றுக்கொடுத்தார். போகும்போது ஒன்று சொன்னார். “நல்ல கை எது கிடைச்சாலும் கெட்டியாப் பிடிச்சுக்கும். கட்டில், கதவு, உங்க சட்டைனு எதையாவது. விழுந்துடுவோமோன்னு பயம், வேற ஒண்ணும் இல்ல. மெதுவா விரல் விரலாப் பிரிச்சு விட்டுடுங்க.” பூச்சியார் அதையும் மனப்பாடம் செய்துகொண்டார். மனப்பாடம் செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவர் வேலைக்குப் போகும் நேரம் பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துக்கொள்வாள். இவரை அண்ணன் என்றும் அவளை அண்ணி என்றும் கூப்பிட்டுப் பழகியவள், தங்கமான மனுஷி. ஒரு நாள் மதியம் நோயாளியை முருங்கை நிழலில் உட்கார வைத்துவிட்டு, அடுப்பை அணைக்கத் தன் வீட்டுக்கு ஓடினாள். அங்கே யாரோ வந்துவிட்டார்கள், பேச்சு கொஞ்சம் இழுத்துவிட்டது. அதற்குள் நாற்காலிச் சக்கரம் வழியாகச் சிவப்பெறும்பு ஏறி, உணர்ச்சியில்லாத வலது காலைப் பாதத்திலிருந்து முழங்கால் வரை மூடிவிட்டது. வலி தெரியாது. ஆனால் கண் தெரிகிறதே. தன் காலை எறும்பு தின்பதை அவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கத்த வாய் இல்லை. இடது கையால் எட்டித் தட்டித் தட்டி, அந்தக் கையிலும் கடி வாங்கியிருந்தாள்.

சாயங்காலம் பூச்சியார் வந்து பார்த்தபோது கால் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி அவர் காலில் விழாத குறையாக அழுதாள். அவர் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொல்லைக்குப் போய்ப் புற்றைத் தேடிக் கண்டுபிடித்தார். அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, “இனிமே ஒரு எறும்பு இந்தப் பக்கம் வரட்டும் பாக்கலாம்” என்று வாய்விட்டுச் சொன்னார். மனுஷன் எறும்பிடம் சவால் விடும் நிலைமைக்கு வந்துவிட்டால் அப்புறம் அவனை யாரும் தடுக்க முடியாது.

தடுக்கக் கூடியவள் ஒருத்தி இருந்தாள். அவளுக்குத்தான் வாய் இல்லை.

மருந்து வேலையில் ஒரு தொல்லை உண்டு. தண்ணீரில் கலக்கிய மருந்தை மறுநாளைக்கு வைக்க முடியாது, வீரியம் போய்விடும். சாக்கடையில் ஊற்றவும் கூடாது. ஆகவே டேங்க்கின் அடியில் தங்குகிற மிச்சத்தை ஒவ்வொருவரும் எங்கேயாவது தீர்த்துவிட்டு வருவார்கள். பூச்சியார் அதுவரை கடைசி வீட்டு வேலியோரமாக அடித்துத் தீர்ப்பார். இப்போது டேங்க்கை வீட்டுக்கே கொண்டுவர ஆரம்பித்தார். வேலியைத் தாண்டி முதல் தடவை டேங்க்கோடு உள்ளே வந்தபோது அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. பின்கதவைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் விரலை நீட்டிக்கொண்டு நிற்கவில்லை.

மூடியைத் திறந்து, வேரடி, வேலியோரம், புல்தரை, படி என்று ஓர் இடம் விடாமல் அடித்தார். அப்புறம் இது தினசரி வழக்கமாகிவிட்டது. ‘வேஸ்ட்டாப் போறது நம்ம வீட்டுக்காவது ஆகட்டுமே’ என்று ஒரு நியாயம். ‘மிச்சம்தானே, அதுல என்ன வீரியம் இருக்கப் போகுது’ என்று இன்னொரு நியாயம். ஊருக்குச் சொல்கிற பல்லவி அவர் காதில் விழவே இல்லை. அது வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது. இது பெண்டாட்டிக்குச் செய்வது.

முருங்கையையும் வெட்டினார். கம்பளிப்பூச்சி அவள்மேல் விழுந்தால்? வெட்டும்போது அவளை முன்னறையில் உட்கார வைத்து, ரேடியோவைச் சத்தமாக வைத்தார். கோடரிச் சத்தம் அதையும் தாண்டிக் கேட்டிருக்கும். அன்றிரவு அவள் சாப்பாட்டுக்கு வாய் திறக்கவில்லை.

“வேற நல்ல மரமா வைக்கிறேன். பாரு, சும்மா பூந்தோட்டம் மாதிரி ஆக்கிடுறேன்” என்றார். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாற்றுப் பண்ணை வைத்திருந்த பெண்மணி நல்ல வாயாடி. பூச்சியார் அவளிடம் போய் நின்றார்.

“பூச்சியே வராத மரம் வேணும்.”

“என்ன மரம்?”

“எதுவானாலும் சரி. பூச்சி வரக் கூடாது.”

“கொய்யா?”

“வௌவால் வரும். பழம் விழுந்தா எறும்பு வரும்.”

“செம்பருத்தி?”

“மாவுப்பூச்சி. அதுக்குப் பின்னாடியே எறும்பு.”

“எலுமிச்சை?”

“இலையப் புழு தின்னும்.”

“ஏங்க, சிமெண்ட்ல ஒரு மரம் செஞ்சு பெயிண்ட் அடிச்சு வெச்சுக்குங்களேன். தண்ணி கூட ஊத்த வேணாம்.”

பூச்சியார் சிரிக்கவில்லை. வீட்டு நிலைமையைச் சொன்னார். அவளுக்கு முகம் மாறிவிட்டது. பேசாமல் ஒரு மூலைக்கு அழைத்துப் போய் அரளிக் கன்றுகளைக் காட்டினாள். “இதுல பூச்சி அவ்வளவா வராது. ஆடு மாடு கூட வாய் வைக்காது, அத்தனையும் விஷம். ஆனா பூ நல்லா பூக்கும், பாக்க அழகு. வேலியோரமா வரிசையா வையுங்க.” கன்றுகளை வண்டியில் ஏற்றிக் கட்டிய பிறகு ஓர் எலுமிச்சைக் கன்றையும் எடுத்து வைத்தாள். “இது அந்த அம்மாவுக்கு நான் குடுக்குறது. புழு வந்தா கையால எடுத்துப் போடுங்க. வாசனையாவது பிடிக்கட்டும் பாவம்.”

பூச்சியார் பொறுமையாக உழைத்தார், அதில் குறை சொல்ல முடியாது. அரளி வேலியோரம் வளர்ந்து இளஞ்சிவப்பாகப் பூத்தது. புல்லை ஒட்ட வெட்டினார். நாற்காலி சிக்காமல் போகப் படிக்குச் சாய்வு கட்டினார். எலுமிச்சையும் வேர் பிடித்து, பூக்கக் கூடச் செய்தது. எல்லாப் பூவும் காயாகாமல் உதிர்ந்தது, அது வேறு கதை. ஒரு கொசு இல்லை. ஓர் ஈ இல்லை. எறும்பைத் தேடி அவரே குனிந்து குனிந்து பார்ப்பார். கிடைக்காது. கம்பெனியில் எல்லோருக்கும் போட்டோ காட்டினார். படம் பிடித்த மாதிரி இருக்கிறது என்றார்கள். படத்தில் எதுவும் அசைவதில்லைதான்.

வேலை முடிந்து வந்ததும் மிச்சத்தை அடிப்பார். நாற்காலிச் சக்கரத்துக்கும் கால் வைக்கும் பலகைக்கும் மறக்காமல் ஒரு சுற்று. குளித்துவிட்டு வருவதற்குள் ஈரம் கொஞ்சம் வற்றியிருக்கும். அப்புறம் அவளை வெளியே தள்ளிக்கொண்டு போவார். பின்கதவு வந்ததும் அவள் இடது கை நீண்டு கதவு நிலையைப் பிடித்துக்கொள்ளும். தினமும். பூச்சியார் நாற்காலியை நிறுத்திவிட்டு முன்னால் வந்து, சிரித்த முகமாக விரல் விரலாகப் பிரிப்பார்.

“கதவப் பேத்துக்கிட்டு வரப் போறியா? விடு, விடு. நான் இருக்கேன்ல, விழ மாட்ட.”

கட்டை விரலைப் பிரித்தால் சுண்டு விரல் பிடிக்கும். அதையும் பிரிப்பார். அந்தக் கையில் இத்தனை பலம் இருப்பது நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொள்வார். வெளியே நிறுத்தி, அவள் வெறுங்காலைப் புல்லில் இறக்கி வைப்பார். புல்லில் கால் பட்டால் உணர்ச்சி திரும்பும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இருட்டும் வரை பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு எந்த வீட்டில் என்ன பூச்சி என்று கதை சொல்வார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். துடைத்துவிடுவார்.

மகள் போனில் முகம் பார்த்துப் பேசும்போது ஒரு தடவை கேட்டாள். “அம்மா ஏம்ப்பா அழுறாங்க?”

“அழல கண்ணு. சந்தோஷம். கொல்லையப் பாத்தியா, எப்படி ஆக்கி வெச்சிருக்கேன்னு?”

பக்கத்து வீட்டுக்காரியும் ஒரு நாள் சொன்னாள். “அண்ணே, அண்ணி காலையில நல்லாத்தான் இருக்காங்க. ராத்திரி வந்து எட்டிப் பாக்கறப்பதான் எச்சில் ரொம்ப வடியுது. வயிறும் சரியில்ல. கன்னம் வேற துடிச்சுக்கிட்டே இருக்கு.”

“வாதம் வந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும். பொழுது சாஞ்சா நமக்கே முடியல.”

“அரளி பக்கத்துல ஒரு குருவி செத்துக் கிடந்துச்சு.”

“பூனை வேலையா இருக்கும்.”

பூனையின் வேலையாக இருந்தால் குருவி முழுசாகக் கிடக்குமா? அவள் கேட்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை. துடைப்பத்தால் தள்ளி, குழி தோண்டி மூடிவிட்டார்.

கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்பு வகுப்பு நடக்கும். மூத்தவர் என்பதால் அதில் பேசுவது எப்போதும் பூச்சியார்தான். அதற்கு முந்தைய நாள் ஒரு வீட்டில் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கலக்கிய மருந்து டேங்க்கோடு அப்படியே இருந்தது. அத்தனையையும் அன்று சாயங்காலம் கொல்லையில் அடித்துத் தீர்த்தார். மறுநாள் வகுப்பு முடிய நேரமாகும் என்பதால், “பொழுது சாயுறப்ப நீயே அவளக் கொஞ்சம் வெளிய உக்கார வெச்சிடும்மா” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு வந்தார்.

வகுப்பில் வழக்கம் போல எழுந்து நின்றார். வழக்கமான நகைச்சுவைகளைச் சொன்னார். பிறகு விஷம் ஏறினால் தெரியும் அறிகுறிகளுக்கு வந்தார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது மாதிரி ஆகிவிடும்.

“நல்லாக் கேட்டுக்குங்க. கண்ணுல தண்ணி ஊத்தும். வாயில எச்சில் நிக்காது. வேர்க்கும். வயித்தக் கலக்கும். சதை அங்கங்க துடிக்கும். கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்தா கருமணி ஊசி முனை மாதிரி…”

நிறுத்தினார். எதிரே இருந்தவர்கள் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள்.

“மாதிரி…” என்றார் மறுபடியும். அவர் கை தானாக எழுந்து தன் கன்னத்தைத் தொட்டது. அவள் கன்னம் துடிக்கும் இடம் அது. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். அதைத் தட்டிவிட்டு வெளியே ஓடினார். சரிந்த தோளோடு அவர் ஓடியதை அங்கே யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் கொல்லையில்தான் இருந்தாள். நாற்காலியில் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். சேலையின் முன்பக்கம் எச்சிலில் நனைந்திருந்தது. முகம் முழுக்க வேர்வை. பக்கத்து வீட்டுக்காரி வாளியும் துணியுமாகக் கீழே குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, வயித்தால போய்க்கிட்டே இருக்கு. நான் உள்ள கூட்டிட்டுப் போறதுக்குள்ள…”

பூச்சியார் போனில் விளக்கைப் போட்டு அவள் இமையைத் தூக்கிப் பார்த்தார். கருமணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி இருந்தது. வெளிச்சத்தை எடுத்த பிறகும் அது விரியவில்லை. அந்தப் புள்ளி வழியாக அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய வெறும் உள்ளங்கால் புல்லில் பட்டுச் சில்லென்றது. செருப்பை வாசலிலேயே உதறிவிட்டு ஓடி வந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பதற்கு முன்பே மருந்தின் பெயரைச் சொன்னார். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு கலப்பார்கள் என்றும் சொன்னார்.

“எப்படிப் பட்டுச்சு?” என்றாள் டாக்டர், இளம் பெண். “தெரியாம யாராவது குடுத்துட்டாங்களா?”

“நான்தான் அடிச்சேன். தினமும் அடிச்சேன். இவ காலுக்கு அடியில அடிச்சேன்.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று பூச்சியாருக்குப் புரிந்தது. படுத்த படுக்கையான பெண்டாட்டி, பார்த்துப் பார்த்துச் சலித்த புருஷன். அப்படி நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார். வேண்டுமென்றே செய்பவனாவது ஒரு நாள் கைநடுங்கி நிறுத்தியிருப்பான். பக்கத்து வீட்டுக்காரிதான் அழுதுகொண்டே நடந்ததை விளக்கினாள். “எறும்பு வரக் கூடாதுன்னு செஞ்சாரும்மா. வேற ஒண்ணும் இல்ல, எறும்புக்குத்தான்.”

விஷமுறிவு ஊசி போட்டார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். பிழைத்துவிட்டாள். ஆனால் இருந்த கொஞ்சத்திலும் கொஞ்சம் போயிருந்தது. தொண்டையிலிருந்து வந்த முனகலும் நின்றுவிட்டது. சோற்றை மசித்துக் கொடுத்தாலும் புரையேறியது. இடது கை மட்டும் பழைய பலத்தோடு இருந்தது. மகள் வந்து தங்கியிருந்த நாட்களில் அப்பாவோடு அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது, “அம்மா அழுறாங்கன்னு நான் அன்னைக்கே கேட்டேன்லப்பா” என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் கதவு நிலை அவருக்கு நினைவு வந்தது. குளியலறைக் கதவை அவள் பிடித்ததில்லை. முன்வாசல் நிலையைப் பிடித்ததில்லை. பின்கதவை மட்டும், மருந்து அடித்த பிறகு மட்டும். அந்த வீட்டில் அவள் போட்ட ஒரே சட்டத்தைக் கடைசி வரை அவள்தான் காத்து நின்றிருக்கிறாள், ஒற்றைக் கையால். அவர் சிரித்துக்கொண்டே அந்தக் கையின் விரல்களைப் பிரித்திருக்கிறார். பூச்சியார் தன் விரல்களைப் பார்த்தார். அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு டேங்க் வேலிக்குள் வரவில்லை. மிச்சத்தை ஊற்றி வைக்கக் கம்பெனியிலேயே ஒரு பீப்பாய் வேண்டும் என்று சண்டை போட்டார். “எல்லாரும் எங்கயாவது அடிச்சுத்தான் தீர்க்குறாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே” என்றார் மேலாளர். அப்படிச் சொன்னவரை அவர் பார்த்த பார்வையில் பீப்பாய் வந்து சேர்ந்தது. வேலையை விட்டுவிடலாம் என்றால் வேறு எதுவும் தெரியாது. அரளியை வேரோடு பிடுங்கினார். மேல்மண்ணை வெட்டி எடுக்கலாம் என்று மண்வெட்டியோடு இறங்கினார். எடுத்து எங்கே கொட்டுவது? யார் வீட்டு வாசலில்? மண்வெட்டியைச் சாத்திவிட்டுத் தண்ணீராகப் பாய்ச்சினார். மழை வந்தது, போனது, மறுபடி வந்தது. புல் காடாக வளர்ந்தது. வெட்டவில்லை.

தினமும் சாயங்காலம் அவளைப் பின்கதவு வரை தள்ளிக்கொண்டு வருவார். கை நீண்டு நிலையைப் பிடிக்கும். அவ்வளவுதான். விரலைத் தொட மாட்டார். “சரி” என்று சொல்லி அங்கேயே கதவோரத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வார். இரண்டு பேரும் வெறுமனே வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் ஒரு தடவையாவது அந்தக் கொல்லையில் பயமில்லாமல் உட்கார வேண்டும். அவருக்கு வாழ்க்கையில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவளைப் பின்கதவோரம் நிறுத்திவிட்டு எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர் அப்படியே குந்திவிட்டார். இலை ஒன்றின் ஓரம் பல் பல்லாகக் கடிபட்டிருந்தது. திருப்பிப் பார்த்தால் பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒரு புழு. வாழ்நாள் முழுக்க நசுக்கிய சாதி. அது தலையைத் தூக்கி ஆட்டிவிட்டு மறுபடி தின்ன ஆரம்பித்தது. கீழே வேர்ப்பக்கம் பார்த்தார். ஓர் எறும்பு, அதன் பின்னால் இன்னொன்று. பூச்சியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. இலையைக் காம்போடு கிள்ளி, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பின்கதவுக்கு ஓடினார்.

“இங்க பாரு. இங்க பாரேன். புழு வந்திருக்கு. மண்ணு நல்லாயிட்டு வருது. எறும்பு கூட வந்திருக்கு.”

அவள் இலையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நிலையைப் பிடித்திருந்த கை மெதுவாகப் பிடியை விட்டது. இப்போது தள்ளினால் நாற்காலி தடையில்லாமல் வெளியே போய்விடும்.

அந்தக் கை இலைக்கு வரவில்லை. ஆள்காட்டி விரல் நீண்டு அவரைத் தாண்டிக் கொல்லைக் குழாயைக் காட்டியது.

அவருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் இலையைப் படியில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். சோப்பைத் தேய்த்து, முழங்கை வரை, நகக் கண் வரை கழுவினார். அன்று அவருக்கு விடுமுறை. காலையிலிருந்து அவர் கை மருந்தைத் தொடவே இல்லை. கழுவிவிட்டு வந்து அவள் முன்னால் நின்று, கல்யாணமான புதிதில் காட்டியது போல் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

அவள் பார்த்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள், புறங்கையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

மறுபடியும் குழாயைக் காட்டினாள். பூச்சியார் திரும்பிக் குழாயடிக்கு நடந்தார்.